செயின் பிளாக்கில் எழுதிய டன்

சமையல் மேடைக்குக் கல் தேர்ந்தெடுக்கக் கிரானைட் கடைக்குப் போகிறவர்கள் நிறத்தையும் சதுர அடி விலையையும் விசாரிப்பார்களே தவிர, கல்லின் எடையைக் கேட்பவர் அபூர்வம். 10 அடி நீளமும் 6 அடி அகலமும் 20 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பலகையின் பரப்பு ஏறத்தாழ ஐந்தரைச் சதுர மீட்டர். ஒரு கன மீட்டர் கிரானைட் சுமார் 2,700 கிலோ இருக்கும் என்பதால், அந்த ஒற்றைப் பலகையே 300 கிலோவைத் தொட்டுவிடும். நான்கு பேர் பிடித்தாலும் ஆளுக்கு 75 கிலோ வருகிறது. வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமோ, எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலும் 23 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்கிறது. மதுரை கீழமாசி வீதியில் சும்மாடு கட்டி மூட்டை சுமக்கிற ஒருவரிடம் இந்த எண்ணைச் சொன்னால் அவர் சிரிக்கக்கூடும். ஆனால் ஐம்பது வயதுக்குப் பிறகு அவருடைய முதுகுத்தண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அந்தச் சிரிப்பு நிலைக்காது.

ஆகவே கல் கடையில் சக்கரம் வைத்த ஓர் இரும்புச் சட்டமும், அதன் குறுக்குக் கட்டையில் தொங்கும் செயின் பிளாக் என்ற, கைச்சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவியும் இருக்கின்றன. பிளாக்கின் உடலில் '1 டன்' என்றோ '2 டன்' என்றோ எழுதியிருக்கும். அந்த எழுத்தை நம்பியே எல்லாரும் அதன் கீழே வேலை செய்கிறார்கள். அந்த எண் உண்மையில் எதைப் பற்றிப் பேசுகிறது, எதைப் பற்றிப் பேசாமல் விடுகிறது என்பது பெரும்பாலும் யோசிக்கப்படுவதில்லை.

பாரத்தை உடம்பால் தூக்காமல் உபாயத்தால் தூக்குவது இந்த ஊருக்குப் புதிதன்று. இளவட்டக்கல்லைத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டினால்தான் பெண் கொடுப்போம் என்று சொன்ன அதே கிராமங்களில், கிணற்றுத் தண்ணீரை இறைக்கக் கமலை கட்டியிருந்தார்கள். கமலையில் மாடுகள் சரிவில் இறங்கியபடி வடத்தை இழுக்கும். மாட்டின் இழுவையோடு அதன் உடல் எடையும் சேர்ந்து தண்ணீரை மேலேற்றும். சரிவை அவ்வாறு அமைத்தவர் இயந்திரவியல் படித்தவரல்லர், ஆனால் கணக்குத் தெரிந்தவர். மின் மோட்டார் வந்த பிறகு கமலை போய்விட்டது. அதே கிணற்றை ஆழப்படுத்த வருகிறவர்கள் இன்று டீசல் இன்ஜினும் வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும் பொருத்திய சிறு கிரேனைக் கொண்டுவந்து கிணற்று மேட்டில் நிறுத்தி, உடைத்த பாறையை இரும்புத் தொட்டியில் மேலேற்றுகிறார்கள். அதே தொட்டியில் ஆட்களையும் இறக்குகிறார்கள் என்பதுதான் அந்தத் தொழிலின் தீராத கொடுமை. பொருளைத் தூக்க வடிவமைத்த கம்பி வடத்தில் மனிதரைத் தொங்கவிடுவதற்கு, எத்தனை வருட அனுபவமும் நியாயம் ஆகாது.

செயின் பிளாக்குக்கு வருவோம். இங்கிலாந்தின் தாமஸ் வெஸ்டன் 1854இல் உருவாக்கிய வேற்றளவுக் கப்பிதான் இதன் மூதாதை. ஒரே அச்சில் ஒட்டிய இரண்டு சக்கரங்கள், ஒன்றைவிட மற்றொன்று சற்றே சிறியது. பெரிய சக்கரத்தில் 10 பற்களும் சிறியதில் 9 பற்களும் இருந்தால், ஒரு முழுச் சுற்றில் பெரியது 10 கண்ணிகள் சங்கிலியை மேலே இழுக்க, சிறியது 9 கண்ணிகளைக் கீழே விடும். மிச்சம் ஒரே ஒரு கண்ணி, அதுவும் கீழே தொங்கும் கப்பியில் இரண்டாகப் பங்கிடப்படுவதால் பாரம் ஏறுவது அரைக் கண்ணி உயரம்தான். நாம் இழுத்தது 10 கண்ணி, பாரம் ஏறியது அரைக் கண்ணி, ஆகவே உராய்வைக் கழிக்காமல் பார்த்தால் நமக்கு 20 மடங்கு பலம். இன்றைய பிளாக்குகளில் இந்த வேலையைப் பற்சக்கர அடுக்கு செய்கிறது. 1 டன் பிளாக்கை முழுப் பாரத்தோடு இயக்க, கைச்சங்கிலியில் சுமார் 30 கிலோ இழுவை போதும். அதற்கு விலையாக, பாரம் ஒரு மீட்டர் ஏற, வகையைப் பொறுத்து 30 முதல் 50 மீட்டர் வரை கைச்சங்கிலியை இழுத்துத் தள்ள வேண்டியிருக்கும். நேரத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்குகிற வியாபாரம் என்று இதைச் சொல்லலாம்.

இந்தக் கருவியின் உண்மையான அழகு அதன் பிரேக்கில் இருக்கிறது. கைச்சங்கிலிச் சக்கரம் ஒரு திருகின் மேல் அமர்ந்திருக்கிறது. பாரம் கீழ்நோக்கி இழுக்கும் ஒவ்வொரு கணமும் அந்தத் திருகு தானாகவே இறுகி, உராய்வுத் தட்டுகளுக்கு நடுவே ஒரு பல்வட்டை நெரித்துப் பிடிக்கிறது. பல்வட்டின் மேல் ஒரு நாக்கு விழுந்துகிடக்கும். அது மேலேறும் திசையில் வட்டைச் சுழலவிடும், திரும்ப விடாது. தூக்கும்போது கேட்கிற 'டிக் டிக்' ஓசை இந்த நாக்கு பல்லுக்குப் பல் தாண்டும் ஓசை. இறக்கும்போது நாம் எதிர்த்திசையில் சங்கிலியை இழுப்பதால் திருகு நூலிழை தளர்கிறது, பாரம் அந்த அளவுக்கு இறங்குகிறது, இறங்கியதும் மறுபடி தானே இறுகுகிறது. பாரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு இறுக்கம். இழுப்பவர் சங்கிலியைக் கைவிட்டுவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்ள முடிவது இதனால்தான்.

இதனால்தான் செயின் பிளாக்குக்கு எண்ணெய் விடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பாரச் சங்கிலிக்கு எண்ணெய் அவசியம், காய்ந்த கண்ணிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். உலர்ந்த நிலையில் வேலை செய்வதற்கென்று வைத்த உராய்வுத் தட்டில் எண்ணெய் இறங்கினால், தட்டு வழுக்கிப் பாரம் நழுவத் தொடங்கும். கிறீச்சிடுகிறது என்பதற்காக மூடியைக் கழற்றி உள்ளே கிரீஸை அப்பிவிடுகிற நல்லெண்ணம் பட்டறைகளில் நிறையவே உண்டு.

சங்கிலியின் வலிமையிலும் நிறையத் தாராளம் வைத்திருக்கிறார்கள். பிளாக்குகளில் வரும் 80 தரச் சங்கிலி, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், அதாவது சுமார் 82 கிலோ எடையின் இழுவை வரை தாங்க வேண்டும். 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 56 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு. பெருக்கிப் பார்த்தால் நாலரை டன்னுக்கும் மேல் வருகிறது. அந்தச் சங்கிலியில் 1 டன் மட்டுமே தூக்கச் சொல்கிறார்கள். மிச்ச மூன்றரை டன் நாம் பயன்படுத்திக்கொள்வதற்காக விட்டுவைத்ததன்று. தேய்மானம், திடீர் அதிர்வு, கணக்கில் வராத பிழை ஆகியவற்றுக்காக ஒதுக்கிவைத்தது. 'ரெண்டு டன் பிளாக்கு மூணு டன் தாங்கும்' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அடுத்த மாதத்துக்கு வைத்திருந்த அரிசியை இந்த மாதமே பொங்கிவிடுகிறார், அவ்வளவுதான்.

இத்தனை தாராளத்தோடு செய்த கருவி அறுந்து விழுவது அரிது. விழுவது பெரும்பாலும் அதற்கு மேலே உள்ளதோ கீழே உள்ளதோ. பிளாக்கில் எழுதிய டன் அந்தப் பிளாக்குக்கு மட்டுமே உறுதி தருகிறது. அதை எதில் மாட்டியிருக்கிறீர்கள், அதன் கொக்கியில் எதைக் கொண்டு பாரத்தைக் கட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

முதலில் மேலே. கிணற்றடிக் கப்பியில் கயிற்றைப் போட்டு 50 கிலோ மூட்டையைத் தூக்குகிறோம் என்றால், கப்பி தொங்கும் கட்டையின் மேல் 50 கிலோ பாரம்தான் இருக்கிறது என்று தோன்றும். மூட்டை ஒரு பக்கம் 50 கிலோவாக இழுக்க, மறு பக்கம் நாமும் அதே 50 கிலோ விசையில் கீழ்நோக்கி இழுப்பதால் கட்டை தாங்குவது 100 கிலோ. உராய்வையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். சாரத்துக் கம்பில் கப்பி மாட்டிச் செங்கல் ஏற்றும் இடங்களில் கம்பு முறிவதற்கு, இந்த இரட்டிப்புப் பாரம் யாருக்கும் தெரியாமல் இருப்பது ஒரு முக்கியக் காரணம். செயின் பிளாக்கில் இந்த இரட்டிப்பு இல்லை. பாரமும், பிளாக்கின் சொந்த எடையும், கையிழுவையும் மட்டுமே மேலே சேரும்.

பிளாக்கைத் தொங்கவிடும் முக்காலியில் கணக்கு வேறு. 1 டன்னை மூன்று கால்கள் பங்கிட்டுக்கொள்வதால் காலுக்கு 333 கிலோ என்று நினைப்பது இயல்பு. கால்கள் செங்குத்தாக நின்றால் அது சரி, ஆனால் செங்குத்தாக நிற்கும் முக்காலி எங்கும் இல்லை. கால்கள் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொரு காலும் 385 கிலோ தாங்குவதோடு, தரையில் ஒவ்வொரு பாதமும் 190 கிலோ அளவுக்கு வெளியே நழுவப் பார்க்கிறது. 45 டிகிரிக்கு விரித்தால் இந்த நழுவும் விசை 330 கிலோவைத் தாண்டுகிறது. அகலமாக விரித்தால் உறுதியாக நிற்கும் என்ற நம்பிக்கை தவறாகும் இடம் இது. மூன்று பாதங்களையும் சுற்றி ஒரு சங்கிலியோ கம்பியோ கட்டினால் சிக்கல் தீர்ந்துவிடும். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அப்படியும் பத்து முக்காலிகளில் கட்டியிருப்பது சிலவற்றில்தான். மண்ணும் ஒரு கணக்கு. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கல்லைப்போல் நிற்கும், ஒரு மழை விழுந்தால் முக்காலியின் ஒரு கால் மட்டும் ஓசையின்றி இறங்கிவிடும். ஒரு கால் இறங்கினால் பாரம் நகர்கிறது, நகர்ந்த பாரம் அதே காலை இன்னும் அழுத்துகிறது. காலுக்கடியில் அகலமான பலகை போடாமல் கரிசலில் முக்காலி நிறுத்துவது சூதாட்டம்.

மாடிக் கட்டுமானங்களில் மினி லிப்ட் என்று வழங்கும் சிறு மின் ஹாயிஸ்ட்டும் இந்த வகைக் கோளாறுக்கு ஆட்பட்டதே. விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் வெளியே 200 கிலோ தொங்குகிறது, பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி எதிர்ப்பாரம் இருக்கிறது என்றால், சரிசமமாக நிற்பதற்கே 100 கிலோ தேவை, பாதுகாப்புக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். அந்த எதிர்ப்பாரத்துக்கு என்ன வைக்கிறார்கள் என்று ஒருமுறை மொட்டை மாடி ஏறிப் பார்த்தேன். சிமெண்ட் மூட்டைகள். காலையில் ஆறு இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்காகிவிட்டன, ஏனென்றால் கலவைக்கு மூட்டை பற்றாமல் போனபோது கைக்கெட்டியது அதுதான். லிப்ட்டை இயக்கிக்கொண்டிருந்த பையனுக்கு எண்ணிக்கை குறைந்தது தெரியாது.

இந்த மின் ஹாயிஸ்ட்டுகளில் '250/500' என்று இரட்டை எண் எழுதியிருப்பதையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். ஒற்றை வடத்தில் 250 கிலோதான் தூக்கலாம். கூடவே வரும் கப்பியை மாட்டி வடத்தை இரட்டித்தால் மட்டுமே 500, அப்போது வேகமும் ஏறும் உயரமும் பாதியாகிவிடும். பெரிய எண்ணைப் படித்துச் சிறிய அமைப்பில் தூக்குவது சர்வ சாதாரணம். பட்டறைகளில் இன்ஜின் இறக்கும் ஹைட்ராலிக் கிரேனுக்கும் இதே விதி. கையை உள்ளே இழுத்துவைத்தால் 2 டன் தூக்கும் கருவி, கையை முழுக்க நீட்டினால் அரை டன்னோடு நின்றுவிட வேண்டும். கையிலேயே துளைக்குத் துளை எடை பொறித்திருப்பார்கள், அதன் மேல் படிந்த கிரீஸைத் துடைத்துப் படிப்பவர்தான் இல்லை.

இனிக் கீழே, கொக்கிக்கும் பாரத்துக்கும் நடுவே. கொக்கியிலிருந்து இரண்டு கால்களாகப் பிரிந்து பாரத்தைப் பிடிக்கும் வடத்தில் 1 டன்னைக் கட்டினால் காலுக்கு அரை டன் என்பது, இரண்டு கால்களும் நேர்க்குத்தாக இருந்தால்தான். கால்கள் கிடைமட்டத்துக்கு 60 டிகிரி சாய்வில் இருந்தால் ஒவ்வொன்றிலும் 577 கிலோ, 45 டிகிரியில் 707 கிலோ, 30 டிகிரிக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு காலிலும் முழு 1,000 கிலோ. நீளமான கற்பலகையைக் குட்டையான பெல்ட்டால் கட்டும்போது இப்படித்தான் ஆகிறது, பெல்ட் தட்டையாக விரிந்து, ஒவ்வொரு காலும் தனித்தனியே இரண்டு கால்களின் வேலையைச் செய்கிறது. நீளமான பெல்ட் எடுத்தால் போதும். மேலே அதற்கு உயரம் பற்றவில்லை என்றால், தவறு பெல்ட்டில் இல்லை, சட்டத்தின் உயரத்தில் இருக்கிறது.

பாலியஸ்டர் பெல்ட்டுகளில் நிறமே பேசும் ஒழுங்கு உண்டு. ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5 என்று உலகளவில் பரவலாகப் பின்பற்றும் வரிசை இது. நேராகத் தூக்கினால்தான் அந்த எடை, சுருக்குப் போட்டு இறுக்கினால் 80 சதவிகிதம்தான் நம்பலாம். பெல்ட்டின் ஜென்ம விரோதி கூரிய விளிம்பு. புதிதாக அறுத்த கிரானைட்டின் ஓரம் கத்தி போன்றது. பழைய சாக்குத் துண்டையோ ரப்பர் குழாயைப் பிளந்தோ நடுவில் வைக்கிற கல் கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர், "பெல்ட்டு போனா ஆயிரம் ரூவா, கல்லு போனா அம்பதாயிரம்ணே" என்றார். ஆள் போனால் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கும் கருவி, சங்கிலி, வடம் ஒவ்வொன்றும் 12 மாதத்துக்கு ஒருமுறையேனும் தகுதியுள்ளவரால் முழுமையாகச் சோதிக்கப்பட வேண்டும், பாதுகாப்பான பாரம் அதன் மேல் குறிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. அச்சட்டத்தையும் வேறு சில சட்டங்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டது 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம். கப்பலூர்த் தொழிற்பேட்டையைப் போன்ற இடங்களில் சோதனைச் சான்றிதழ் ஏதேனும் ஒரு கோப்பில் இருக்கும். வாடகைக் கடையிலிருந்து ஆட்டோவில் ஏறிப்போகும் செயின் பிளாக்குக்குக் கோப்பு கிடையாது. நேற்று லாரி இன்ஜின் தூக்கியது, இன்று ஜெனரேட்டர் தூக்குகிறது, நாளை எங்கோ அடுக்குமாடியில் தண்ணீர்த் தொட்டி தூக்கும், இடையில் ஒரு நாள் யாரோ அதை இரண்டடி உயரத்திலிருந்து கீழே போட்டிருப்பார்கள். கடைக்காரர் கேட்பது எத்தனை டன், எத்தனை நாள், முன்பணம் எவ்வளவு என்ற மூன்றுதான். என் கணிப்பில் இந்தத் தொழிலின் மிக மெலிந்த கண்ணி இந்த வாடகைப் பழக்கம். வாங்கிப் போகிறவர் ஐந்து நிமிடம் செலவழித்தால் பார்த்துவிடக்கூடியவை சில உண்டு: கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா, அதன் வாயை மூடும் நாக்கு இருக்கிறதா, கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டதா, சங்கிலி முறுக்கிக்கொண்டிருக்கிறதா. பாரம் இல்லாமல் இழுத்துப் பார்த்தால் டிக் டிக் ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பல்வட்டின் மேல் விழும் நாக்கு வேலை செய்யவில்லை, பிளாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கணக்குக்கு அடங்காத பாரம் ஒன்று இருக்கிறது. அதை ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றில் பார்த்தேன். 300 அடி ஆழத்தில் மோட்டார். ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. குழாய் மீட்டருக்குச் சுமார் 3 கிலோ, 300 அடிக்கு ஏறத்தாழ 275 கிலோ. குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் 90 கிலோவுக்கு மேல். மோட்டாரும் பம்பும் கேபிளும் ஐம்பது அறுபது. மொத்தம் அரை டன்னுக்குக் கீழே. முக்காலியில் தொங்கியதோ 2 டன் பிளாக். கவலைப்பட ஒன்றுமில்லை என்று நான் காகிதத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

மெக்கானிக் அண்ணன் முதலில் நான்கு விரற்கடை அளவு தூக்கி நிறுத்தினார். முக்காலியின் மூன்று கால்களையும் சுற்றிக் கட்டியிருந்த சங்கிலியைக் காலால் மிதித்துப் பார்த்தார், ஒவ்வொரு பாதமாகக் குனிந்து பார்த்தார், பிறகுதான் மேலே தூக்கத் தொடங்கினார். இரண்டு குழாய் வெளியே வந்தபின் இழுப்பு சட்டென்று கனத்தது. உதவிக்கு வந்திருந்த பையன், "மாமா, நானும் பிடிக்கவா?" என்று சங்கிலியில் கை வைத்தான். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "ஒத்தையாளு இழுக்குறதுக்குத்தான்டா இதக் கட்டியிருக்கான். ரெண்டு பேரு தொங்கினா பிளாக்கு வரும், மோட்டாரு வராது."

அவர் சொன்னதில்தான் என் காகிதக் கணக்கின் ஓட்டை இருந்தது. கீழே சேற்றில் மாட்டிக்கொண்ட மோட்டாருக்கு எடை என்று ஒன்றில்லை. நாம் எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவும் அதன் எடை. ஒருவர் முழுப் பலத்தோடு இழுத்தாலே 2 டன்னை எட்டும், இரண்டு பேர் இழுத்தால் அதையும் தாண்டும், கடைசியில் குழாயின் மரையோ முக்காலியின் காலோ உடைந்துதான் அது நிற்கும். பிடிப்பு திடீரென்று விடுபட்டால் அதுவும் ஆபத்து, ஏனென்றால் தளர்ந்த வடத்தில் சட்டென்று விழும் பாரம், ஓர் அங்குலம்கூட விழாவிட்டாலும், நின்றிருக்கும் பாரத்தைப்போல் இரண்டு மடங்கு அதிர்வைத் தரும்.

அவர் குழாயைக் கிணற்றின் வாயில் பதித்திருந்த கேசிங் குழாயின் மேல் கிளாம்ப் போட்டு நிறுத்தினார், பிளாக்கைத் தளர்த்தினார், மதியம் இரண்டு மணிக்கே வேலையை முடித்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், வீட்டில் தண்ணீர் இல்லை. மறுநாள் கம்ப்ரசர் வண்டி வந்து காற்றை உள்ளே செலுத்தியது. ஒரு மணி நேரம் செம்மண் குழம்பாகக் கொப்பளித்த கிணறு, மெல்லத் தெளிந்தது. பிறகு அதே பிளாக்கில், பையன் ஒருவனே இழுத்தான். "சத்தம் வருதாடா?" என்று உள்ளேயிருந்து கேட்டபடியே அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். வந்துகொண்டிருந்தது.